நூறு பேரு, ரெண்டு கலரு: ஒட்டிப் பிறந்த குழந்தைங்களைப் பிரிக்கிற டீம் எப்படி வேலை செய்யுது

கேள்வி கேட்டவங்க நர்சிங் மூணாவது வருஷம் படிக்கிறவங்க. அவங்க கேட்டது இதுதான்: "ஒட்டிப் பிறந்த குழந்தைங்களைப் பிரிச்சாங்கன்னு நியூஸ் வரும்போதெல்லாம் 70 பேர் டீம், 100 பேர் டீம்னு போடுறாங்க, ஒரு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள அத்தனை பேர் எப்படி நிக்க முடியும், யாரு யாருக்கு ஆர்டர் போடுவாங்க, இதுல ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு என்ன வேலை இருக்கும்?"

நான் மயக்க மருந்து டாக்டர், அதிகமா பார்க்கிறது குழந்தைங்க கேஸ். இந்த மாதிரி கேஸ்ல ஒரே ஒரு தடவைதான் உள்ள நின்னிருக்கேன், பல வருஷம் முன்னாடி, வயித்துப் பக்கம் ஒட்டியிருந்த ரெண்டு பெண் குழந்தைங்க. அந்த ஒரு நாளுக்காக நாங்க தயாரான மாசங்கள்ல கத்துக்கிட்டது ரொம்ப அதிகம், அதுக்கப்புறம் உலகத்துல நடந்த மத்த கேஸ்களைத் தேடித் தேடிப் படிச்சதுலயும் நிறைய புரிஞ்சுது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அந்த நம்பர். 1987 செப்டம்பர்ல அமெரிக்காவுல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில மூளை சர்ஜன் பென் கார்சன் இருந்த டீம், ஜெர்மனியில இருந்து வந்த ஏழு மாசக் குழந்தைங்களைப் பிரிச்சாங்க, தலையோட பின்பக்கம் ஒட்டியிருந்த ஆண் குழந்தைங்க, 70 பேர், 22 மணி நேரம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியில 2018 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2019 பிப்ரவரி வரைக்கும் மூணு பெரிய ஆபரேஷனா பிரிச்சு பண்ணாங்க, தலை ஒட்டியிருந்த பாகிஸ்தான் பெண் குழந்தைங்க, எல்லாம் சேர்த்து 50 மணி நேரத்துக்கு மேல, ஆஸ்பத்திரி ஆளுங்க மட்டும் 100 பேர். இந்த 70, 100 பேரும் ஒரே நேரத்துல உள்ள நிக்கிறது கிடையாது. 20 மணி நேரம் ஒரே ஆளு கத்தியைப் பிடிச்சுட்டு நிக்க முடியாது இல்லையா, அதனால சர்ஜன், மயக்க டாக்டர், சர்ஜன் கையில கருவி எடுத்துக் குடுக்கிற ஸ்க்ரப் நர்ஸ் எல்லாத்துக்கும் மாத்து ஆள் வேணும், அது தவிர பிளட் பேங்க்ல ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிறவங்க, லேப்ல அரை மணிக்கு ஒரு தடவை ரத்த டெஸ்ட் போட்டுக் குடுக்கிறவங்க, கருவிங்களை ஸ்டெரிலைஸ் பண்ணி மறுபடி மேல அனுப்புறவங்க, வென்டிலேட்டர் நின்னு போச்சுன்னா ஓடி வர்ற பயோமெடிக்கல் இன்ஜினியர், ஐசியூவுல ரெண்டு பெட் ரெடி பண்ணி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கிறவங்க, வெளியில அப்பா அம்மா பக்கத்துலயே இருந்து மணிக்கு ஒரு தடவை என்ன நடக்குதுன்னு சொல்ற ஒருத்தங்க, இவங்க எல்லாரும் சேர்ந்தாதான் அந்த நூறு. தியேட்டருக்குள்ள இருக்கிறவங்க எண்ணிக்கையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கணும்னுதான் பார்ப்பாங்க, ஆள் கூடுச்சுன்னா சத்தம் கூடும், கிருமி கூடும், யாரு என்ன சொன்னாங்கன்னு காதுல விழாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆபரேஷன்ல எது எப்படியோ, ஒரு விதி மட்டும் மொதல் நாள்ல இருந்து மாறவே மாறாது: உள்ள வர்றது ரெண்டு பேஷன்ட். ஒட்டியிருந்தாலும் ரெண்டு பேருதான். ரெண்டு பேர், ரெண்டு நம்பர், ரெண்டு கேஸ் ஷீட், ரெண்டு மயக்க மருந்து டீம், ரெண்டு வென்டிலேட்டர், ரெண்டு மானிட்டர், மருந்து வண்டி கூட ரெண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கலர் குடுத்துடுவாங்க, எங்க கேஸ்ல ஒரு பொண்ணுக்கு சிவப்பு, இன்னொரு பொண்ணுக்கு நீலம். கையில கட்டுற பட்டை, ஐவி லைன், சிரிஞ்சு லேபிள், மானிட்டர் வயர், ரத்தப் பை, எங்க தலையில போட்டிருக்கிற தொப்பி வரைக்கும் அதே கலர். நான் நீலம். சிவப்புக் குழந்தைக்குப் பல்ஸ் இறங்குச்சுன்னாலும் நான் என் இடத்தை விட்டு நகரக் கூடாது, அதைப் பார்க்க சிவப்பு டீம் இருக்கு. கேட்க ஈஸியா இருக்கும், ஆனா பக்கத்துல ஒரு குழந்தை மானிட்டர் அலறும்போது கையைக் கட்டிட்டு நம்ம குழந்தையை மட்டும் பார்த்துட்டு நிக்கிறது ரொம்பக் கஷ்டம், அதுக்கும் பழகணும்.

ஒத்திகை எதுக்குன்னு கேட்பீங்க, அங்கதான் நான் இதை நல்லா புரிஞ்சுக்கிட்டேன். ஹாப்கின்ஸ்ல 1987-லயே முழு அளவு பொம்மை ரெண்டை தலையில வெல்க்ரோ வெச்சு ஒட்டி திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்திருக்காங்க. நாங்களும் ரெண்டு பொம்மையைச் சேர்த்துக் கட்டி, வார்டுல இருந்து தியேட்டருக்குத் தூக்கிட்டு வர்றதுல ஆரம்பிச்சு, டேபிள்ல படுக்க வைக்கிறது, திருப்பிப் போடுறது, பிரிச்ச அப்புறம் ஒரு டேபிளை பக்கத்துத் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போறதுன்னு எல்லாத்தையும் செஞ்சு பார்த்தோம். மொதல் ஒத்திகையிலயே ரெண்டு தப்பு வெளிய வந்துச்சு. ஒண்ணு, பிரிச்ச உடனே நீல டேபிளை நகர்த்தப் பார்த்தா, எங்க வென்டிலேட்டர் டியூப் சிவப்பு டேபிளுக்கு அடியில போயிருக்கு, கழட்டாம நகர முடியாது. மிஷின் நிக்கிற பக்கத்தையே மாத்த வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணு, அவசரம்னு நடிச்சுக் கத்தினப்போ சிவப்பு லேபிள் ஒட்டின சிரிஞ்சு என் கைக்கு வந்துச்சு, நானும் வாங்கிட்டேன். பொம்மைக்குங்கிறதால ஒண்ணும் ஆகல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அடுத்த ஒத்திகையில இருந்து ரெண்டு மருந்து வண்டியையும் ரூமோட ரெண்டு மூலைக்குக் கொண்டு போயிட்டோம், சிரிஞ்சு கைமாறும்போது கலரை வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்கணும்னு ஆச்சு.

மருந்து விஷயத்துல இந்தக் கேஸ் ஏன் தனின்னா, ரெண்டு பேரோட ரத்த ஓட்டமும் எங்கயாவது கலந்திருக்கலாம். ஒரு குழந்தைக்குப் போடுற மருந்து இன்னொரு குழந்தைக்கும் போகும், எவ்வளவு போகும்னு கணக்குப் போட்டு சொல்ல முடியாது. சேர்த்து வெச்சுத்தான் எடை பார்க்க முடியும், அதைப் பாதியாப் பிரிச்சு ஆளுக்கு இவ்வளவுன்னு வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பார்த்து ரெண்டு மானிட்டரையும் கவனிக்கணும். ஒரு குழந்தைக்கு மொதல்ல மயக்கம் குடுத்து மூச்சுக்குழாய்ல டியூப் போடுவாங்க, அதுக்குள்ள அடுத்த குழந்தையும் சொக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். நெஞ்சும் நெஞ்சும் ஒட்டியிருந்தா ரெண்டு மூஞ்சியும் எதிர் எதிரா இருக்கும், டியூப் போடுறதுக்கே கோணம் கிடைக்காது, அதனால அதையும் பொம்மையில பழகணும்.

ரத்தம்னு வந்தா கணக்கு இன்னும் பயமா இருக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு சுமார் 80 மில்லி ரத்தம்தான். எட்டு கிலோ குழந்தைன்னா மொத்தமே 640 மில்லி, அதாவது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் கூட இல்ல. பெரியவங்க ஆபரேஷன்ல 60 மில்லி போச்சுன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, இங்க அது பத்துல ஒரு பங்கு. அதனால பிளட் பேங்கை கடைசி வாரத்துல கூப்பிட்டு சொல்லக் கூடாது, பிளான் போடுற மொத மீட்டிங்லயே அவங்க உட்கார்ந்திருக்கணும். ஒரே கருவுல இருந்து வந்தவங்கங்கிறதால ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்தான் இருக்கும், ஆனாலும் தனித்தனியா கிராஸ் மேட்ச் பண்ணி (குடுக்கப் போற ரத்தம் குழந்தையோட ரத்தத்துக்கு ஒத்துப் போகுதான்னு பார்க்கிறது) தனித்தனி ஃப்ரிட்ஜ் தட்டுலதான் வைக்கணும். ரத்தம் புதுசா இருக்கணும், நாள் ஆன ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கும், அதை வேகமா ஏத்தினா குழந்தையோட இதயம் நின்னுடும். ஏத்துறதுக்கு முன்னாடி சூடு பண்ணணும். இதெல்லாம் யாரோ ஒருத்தர் வேலைன்னு விட்டா நடக்காது, இந்த டெக்னீஷியன், இந்த நேரம்னு பேர் போட்டு எழுதி வைக்கணும்.

பிரிக்கிறதுக்குப் பல வாரம் முன்னாடியே வேலை தொடங்கிடும், அதையும் சொல்லணும். பிரிச்ச அப்புறம் மூடுறதுக்குத் தோல் பத்தாது, அதனால தோலுக்கு அடியில பலூன் மாதிரி ஒண்ணை வெச்சு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை உப்புத் தண்ணி ஏத்தி ஏத்தித் தோலை வளர்ப்பாங்க. அந்த நேரத்துல அதுல கிருமி புகுந்துட்டா எல்லாம் தள்ளிப் போயிடும், அதைக் கண்ணுல வெச்சு பார்த்துக்கிறது முழுக்க வார்டு நர்ஸுங்க வேலை. ஸ்கேன் எடுக்கிறது கூட அப்படித்தான், சாயம் ஒரு குழந்தைக்கு ஏத்தி ஒரு தடவை எடுத்து, அப்புறம் அடுத்த குழந்தைக்கு ஏத்தி எடுத்து, எந்தக் குழாய் யாருதுன்னு பார்க்கணும். இப்பல்லாம் அதை வெச்சு 3டி பிரிண்டர்ல மாடல் எடுத்துடுறாங்க. 2022-ல ரியோ டி ஜெனிரோவுல மூணு வயசு தாண்டின, தலை ஒட்டியிருந்த ரெண்டு பையன்களைப் பிரிச்சப்போ, மேல சொன்ன லண்டன் ஆஸ்பத்திரியோட மூளை சர்ஜன் ஓவைஸ் ஜிலானியும் ரியோ டாக்டருங்களும் கண்ணுல விஆர் கண்ணாடி மாட்டிக்கிட்டு ரெண்டு ஊர்ல இருந்தே ஒரே மாடல்ல ஒத்திகை பார்த்திருக்காங்க.

யாரு ஆர்டர் போடுவாங்கன்னு கேட்டீங்க. பேப்பர்ல சர்ஜன் பேருதான் வரும், ஆனா தியேட்டருக்குள்ள ஒருத்தர் கையுறை போடாம, எந்தக் குழந்தையையும் தொடாம, சுவத்துல இருக்கிற கடிகாரத்தையும் பிளானையும் பார்த்துட்டு நிக்கணும். எங்க கேஸ்ல அது ஒரு சீனியர் மயக்க மருந்து மேடம். எந்தக் கட்டத்துல இருக்கோம், எவ்வளவு ரத்தம் போயிருக்கு, அடுத்த சர்ஜன் டீம் எப்போ கை கழுவப் போகணும், இதையெல்லாம் சத்தமா சொல்றது அவங்கதான். கட்டம் மாறும்போதெல்லாம் நிறுத்தி, சிவப்பு எப்படி, நீலம் எப்படின்னு கேட்பாங்க. ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னாத்தான் அடுத்த வெட்டு. எலும்பு டாக்டர், குடல் டாக்டர், ஈரல் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன்னு ஒவ்வொருத்தரும் அவங்க துறையில பெரிய ஆளுங்க, அத்தனை பேரும் ஒரு ஆளு சொன்னா நிறுத்துவாங்கன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடாத குறையா பேசி வெச்சிருக்கணும். என்னைக் கேட்டா இந்த ஒத்துக்கிறதுக்குத்தான் அத்தனை மாசம் மீட்டிங்கே நடக்குது.

நிறுத்துறதுன்னு சொன்னேன் இல்ல, அதைப் பத்தி நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். 2003 ஜூலையில சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஆஸ்பத்திரியில ஈரான் நாட்டு லாதன், லாலே பிஜானி, 29 வயசு சகோதரிங்க, தலை ஒட்டியிருந்தவங்க, ரெண்டு பேரும் சட்டம் படிச்சவங்க, சாகுற ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சே தனித்தனியா வாழணும்னு வந்தாங்க. மூளை சர்ஜன் கீத் கோ தலைமையில 28 ஸ்பெஷலிஸ்ட், உதவிக்கு 100 பேர் கிட்ட. ரெண்டு மூளையில இருந்தும் ரத்தம் ஒரே பெரிய சிரையில வடியுது, அதனால ஒருத்தருக்குத் தொடையில இருந்து குழாய் எடுத்து புது வழி போட்டாங்க, அது அடைச்சுக்கிச்சு. மூளையும் நினைச்சதை விட ரொம்ப இறுக்கமா ஒட்டியிருந்துச்சு. நடுவுல நிறுத்திடலாமா, பாதியோட மூடிட்டு அப்புறம் பார்க்கலாமான்னு பேச்சு நடந்திருக்கு, எப்படியாவது பிரிச்சுடணும்ங்கிறதுதான் அவங்க விருப்பம்னு கூட வந்தவங்க சொல்ல, தொடர்ந்தாங்க. ஜூலை 8-ஆம் தேதி ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. அந்த டீம்ல யாருக்கும் திறமை குறைவுன்னு நான் சொல்லவே மாட்டேன், பென் கார்சனும் அங்க இருந்தாரு. ஆனா எந்த இடத்துல நிறுத்தணும்னு தியேட்டருக்குள்ள வந்து, அதுவும் தூக்கமில்லாத ரெண்டாவது நாள்ல யோசிக்கிற நிலைமை எந்த டீமுக்கும் வரக் கூடாது, அது முன்னாடியே பேப்பர்ல இருக்கணும், இவ்வளவு ரத்தம் போச்சுன்னா நிறுத்துறோம், இந்தக் குழாய் அடைச்சா நிறுத்துறோம்னு.

அதுக்கப்புறம் தலை ஒட்டின கேஸ்ல ஒரே மூச்சுல பிரிக்காம கட்டம் கட்டமா பிரிக்கிற வழக்கம் வலுத்துச்சு. நியூயார்க் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரியில மூளை சர்ஜன் ஜேம்ஸ் குட்ரிச் 2003-ல ஆரம்பிச்சு 2004 ஆகஸ்ட்ல முடிச்ச பிலிப்பைன்ஸ் குழந்தைங்க கேஸ் அப்படித்தான், நாலு ஆபரேஷன், நடுவுல மாசக் கணக்குல இடைவெளி, அந்த இடைவெளியில மூளை தானா புது வடிகால் வழியைப் பழகிக்கும். நம்ம டெல்லி எய்ம்ஸ்ல ஒடிசா கந்தமால் மாவட்டத்துக் குழந்தைங்களுக்கும் 2017-ல இதே வழிதான், ஆகஸ்ட் 28-ல மொத ஆபரேஷன், ரத்தம் வடியிறதுக்குத் தனி வழி போட்டாங்க, ரெண்டு மாசம் விட்டு அக்டோபர் கடைசியில பிரிச்சாங்க.

தள்ளிப் போடுறதும் ஒரு முடிவுதான். 2018-ல பூட்டான்ல இருந்து மெல்போர்ன் ராயல் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஈரல் சேர்ந்திருந்த ரெண்டு பெண் குழந்தைங்க வந்தாங்க. அக்டோபர்ல பண்றதா இருந்துச்சு, கடைசி செக்கப்ல உடம்பு இன்னும் தேறணும்னு தெரிஞ்சதும் டீம் மொத்தமும் ரெடியா இருந்தும் தள்ளிப் போட்டாங்க, குழந்தைங்களுக்கு நல்லா சாப்பாடு குடுத்துத் தேத்தி நவம்பர் 9-ஆம் தேதி பண்ணாங்க, சுமார் ஆறு மணி நேரத்துல முடிஞ்சுது. பத்துப் பதினைஞ்சு டாக்டருங்க நாள் ஒதுக்கி, தியேட்டர் புக் பண்ணி, பத்திரிகைக்காரங்க வாசல்ல நிக்கும்போது இன்னிக்கு வேண்டாம்னு சொல்றதுக்குத் தைரியம் வேணும்.

பிரியிற அந்த நொடி எப்படி இருக்கும்னு எல்லாரும் கேட்பாங்க. எங்களுக்கு அது ரொம்ப அமைதியா இருந்துச்சு. கடைசித் திசு வெட்டுப்பட்டதும் மேடம் நேரத்தைச் சொன்னாங்க, யாரும் கை தட்டல, தட்டக் கூடாதுன்னு ஏற்கனவே சொல்லி வெச்சிருந்தாங்க. ஏன்னா ஆபத்து அங்கதான் ஆரம்பம். அதுவரைக்கும் ஒரு இதயம் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் உழைச்சிருக்கும், திடீர்னு தனியானதும் ஒருத்திக்கு பிபி ஏறும், ஒருத்திக்கு இறங்கும். அதே சமயம் ஒரு டேபிள் ரெண்டு டேபிள் ஆகணும், ஸ்க்ரப் நர்ஸ் ரெண்டு பேர் ஆகணும், கருவித் தட்டு ரெண்டாகணும். பஞ்சு, துணி எண்ணிக்கை இருக்கே, பிரிக்கிறதுக்கு முன்னாடி மொத்தமா ஒரு தடவை எண்ணி, சரியா இருக்குன்னு எழுதி, அப்புறம்தான் இந்தத் தட்டுக்கு இத்தனை, அந்தத் தட்டுக்கு இத்தனைன்னு பிரிக்கணும். இல்லைன்னா கடைசியில ஒரு பஞ்சு குறைஞ்சா எந்தக் குழந்தை வயித்துல தேடுறது? எங்க கேஸ்ல இந்த எண்ணுற வேலையை ஒரு சிஸ்டர் ஒத்திகையிலயே ஏழெட்டுத் தடவை செஞ்சு பார்த்தாங்க, அந்த நாள்ல அவங்க ஒருத்தங்க குரல்தான் கடைசி வரைக்கும் மாறாம இருந்துச்சு.

சில முடிவுங்க எவ்வளவு பிளான் பண்ணாலும் மனசை அறுக்கும். லண்டன் கேஸ்ல ஒரு முக்கியமான ரத்தக் குழாயை ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான் குடுக்க முடியும்னு ஆச்சு, பலவீனமா இருந்தவளுக்குக் குடுத்தாங்க, இன்னொருத்திக்குப் பக்கவாதம் வந்துச்சு. ரெண்டு பேரும் பிழைச்சாங்க, ஆனா அந்த முடிவு தன்னை விட்டுப் போகலைன்னு ஜிலானி வெளிப்படையாவே பேசியிருக்காரு. 1987 ஹாப்கின்ஸ் குழந்தைங்களும் பிரிஞ்சு உயிரோட வந்தாங்க, ஆனா ரெண்டு பேருக்குமே மூளை பாதிப்பு கடுமையா இருந்துச்சு. இதையெல்லாம் அப்பா அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே அவங்க பாஷையில, ஒரு தடவை இல்ல பல தடவை, சொல்லி இருக்கணும். டீம்ல ஒரே ஒருத்தர்தான் அவங்க கிட்ட பேசணும், பத்து டாக்டர் பத்து விதமா சொன்னா அவங்க யாரை நம்புவாங்க?

பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலதான் முடியும்னும் இல்ல. மத்தியப் பிரதேசம் பேதுல் மாவட்டத்துல பாதர்னு ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரி, 2012 ஜூன்ல அங்க நெஞ்சும் ஈரலும் சேர்ந்திருந்த ரெண்டு பெண் குழந்தைங்களைப் பிரிச்சாங்க, மத்த ஊர்கள்ல இருந்தும் ஆஸ்திரேலியாவுல இருந்தும் டாக்டருங்க அங்க போய்ச் சேர்ந்தாங்க, சுமார் 12 மணி நேரம். சில வாரம் கழிச்சு ஒரு குழந்தை இறந்துடுச்சு, ஒரு குழந்தை இருந்துச்சு. தியேட்டர்ல ஜெயிச்ச அப்புறமும் ஐசியூ வாரங்கள்ல தோத்துப் போக முடியும்ங்கிறதுக்காகத்தான் இதைச் சொல்றேன். காயம் பிரியலாம், கிருமி வரலாம், இதயம் புதுசா தனியா உழைக்கப் பழகாம இருக்கலாம். கந்தமால் குழந்தைங்க ரெண்டு வருஷம் டெல்லியிலயே இருந்துட்டு 2019 செப்டம்பர்ல ஒடிசா திரும்பினாங்க, 2020 நவம்பர்ல அதுல ஒரு பையன் கட்டாக் ஆஸ்பத்திரியில இறந்துட்டான். ஊருக்கு அனுப்பும்போது அந்த ஊர் டாக்டர் கையில என்ன பேப்பர் போகுது, காய்ச்சல் வந்தா எங்க தூக்கிட்டு ஓடணும், பிசியோதெரபி யாரு குடுப்பாங்க, இதுவும் அந்த நூறு பேர் பிளான்ல ஒரு பக்கமா இருக்கணும்.

உங்க கடைசிக் கேள்வி, நர்ஸுக்கு என்ன வேலைன்னு. மேல சொன்னதுல கலர், எண்ணிக்கை, தோல் பலூன், ரத்தப் பை சரிபார்க்கிறது, அம்மா கிட்ட பேசுறது, எல்லாத்துலயும் நர்ஸ் இருக்காங்க. இன்னொண்ணு ஐசியூவுல நானே பார்த்தது. பிரிச்சு மூணாம் நாளு மயக்கம் குறைச்சதும் நீலக் குழந்தை கையைப் பக்கவாட்டுல துழாவிட்டே இருந்தா, பிறந்ததுல இருந்து அங்க ஒருத்தி இருந்தா இல்லையா, பல்ஸ் 170, 180-ன்னு ஓடுது, வலி மருந்து ஏத்தியும் இறங்கல. ராத்திரி டூட்டி சிஸ்டர் எங்களைக் கேட்டுட்டு ரெண்டு பெட்டையும் ஒட்டித் தள்ளி, லைன் எதுவும் சிக்காம சிவப்புக் குழந்தையோட கையை இவ கைக்குப் பக்கத்துல வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல 140-க்கு வந்துச்சு. மறுநாள் காலையில அதை கேஸ் ஷீட்ல எழுதினோம், ரெண்டு ஷீட்லயும்.